பனியன் கம்பெனி சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது: மதர்போர்டு மாத்தறதுக்கு முன்னாடி எதையெல்லாம் டெஸ்ட் பண்றது?

நூல்கண்டு:
வணக்கம்ங்க. திருப்பூர்ல நிட்டிங் யூனிட் ஆபீஸ் சிஸ்டம். ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ரெண்டு, விண்டோஸ் எஸ்எஸ்டியில, டேலி பேக்கப் 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) 450 வாட். காலையில நல்லா ஓடுது, பதினோரு மணிக்கு மேல தானா ரீஸ்டார்ட். எப்பவாச்சும் ப்ளூ ஸ்கிரீன். விண்டோஸ் புதுசா போட்டும் அதேதான். சர்வீஸ்ல கழட்டிப் பார்க்காமயே போர்டு போச்சுங்கறாங்க. மல்டிமீட்டர் கையில இருக்கு. எந்த வரிசையில பார்க்கோணும், என்ன அளவு வந்தா எதைச் சந்தேகப்படோணும்?

எட்டுத்தறி:
மொதல்ல ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்ணா. ஈவன்ட் வியூவர் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுல சிஸ்டம். கெர்னல்-பவர் 41 (சரியா ஷட்டவுன் ஆகாம நின்னதோட பதிவு) ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி டீடெயில்ஸ்ல 'பக்செக்கோடு' (ப்ளூ ஸ்கிரீன் பிழை எண்) என்னன்னு எழுதி வைங்க. 0ன்னா ப்ளூ ஸ்கிரீன் எதுவும் பதிவாகறதுக்கு முன்னாலயே கரண்ட் அறுந்திருக்கு, இல்ல ரீசெட் ஆயிருக்கு. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், ப்ளக் பாயின்ட் பக்கம் போங்க. 292ன்னா ப்ராசஸர் தானே பிடிச்ச ஹார்டுவேர் பிழை. 26ன்னா மெமரி சம்பந்தம், ரேம்ல ஆரம்பிக்கலாம்.

அடுத்து சூடு. நிட்டிங் ஊசி எண்ணெய் காத்துல கலந்து பஞ்சோட சேர்ந்தா, ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல கம்பளித் துண்டு மாதிரி படிஞ்சிருக்கும். மேல இருந்து பார்த்தா ஃபேன் சுத்தமாத்தான் தெரியும். ப்ளோயர் அடிச்சா அது போகாது, இன்னும் உள்ளே அமுங்கும். கூலரோட நாலு பின்னையும் கால் திருப்பு திருப்பி மேல இழுத்துக் கழட்டி, அந்தப் படலத்தைக் கையால உரிச்செடுங்க. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டுப் புதுசு பச்சைப்பயறு அளவு வெச்சாப் போதும். ஆனா ஒண்ணு, சூடு மட்டும் காரணம்னா 100 டிகிரி கிட்ட வேகம் குறையும், அதுக்கும் அடங்கலைன்னா ஒரேயடியா ஆஃப் ஆகும். உங்களுது ரீஸ்டார்ட் ஆகறதால எனக்குப் பவர் மேலதான் சந்தேகம்.

காலிங்கராயன்:
எஸ்எம்பிஎஸ்ஸைக் கழட்டி 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் கருப்பையும் சேர்த்துப் பாருங்க. ஃபேன் சுத்துச்சுன்னா நல்லாருக்கு.

மீட்டர்க்காரர்:
மன்னிச்சுக்குங்க, அது ஆன் ஆகுதான்னு மட்டும் காட்டும். சுமையே இல்லாம 12 வோல்ட் காட்டாத எஸ்எம்பிஎஸ் அபூர்வம். கெபாசிட்டர் வீங்கினது லோடு ஏறும்போதுதான் தெரியும்.

சிஸ்டம் ஓடட்டும். மீட்டர் 20 வோல்ட் டிசி, கருப்பு முனையைக் கேபினட் இரும்புல பெயின்ட் இல்லாத எடத்துல வைங்க. சிவப்பு முனையைக் கனெக்டர் பின்பக்கமா ஒயர் ஓரத்துல விடுங்க. மஞ்சள் 11.4லிருந்து 12.6 வரை, சிவப்பு 4.75லிருந்து 5.25, ஆரஞ்சு 3.14லிருந்து 3.47. மஞ்சளை ப்ராசஸர் பக்கத்து 4 பின் கனெக்டர்லயே பாருங்க, சுமை அங்கதான். ப்ராசஸருக்கு முழுச் சுமை ஏத்தற ப்ரைம்95 சாஃப்ட்வேர்ல ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட்டைப் பத்து நிமிசம் ஓட விட்டு, அளவு எறங்குதான்னு கவனிங்க. முனை வழுக்கி ரெண்டு பின்னைத் தொட்டா போர்டே போயிரும், நிதானமா. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க, ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ பென்டிரைவ்ல போட்டு, பயாஸ்ல எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, ராத்திரி விட்டுருங்க. நாலு பாஸ் (முழுச் சுத்து). ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான், 'கொஞ்சம்தானே'ங்கற பேச்சு ரேம்ல இல்லை. வந்தா ரெண்டையும் ஒட்டுக்கா வெச்சுப் பார்க்காம, ஒரே ஸ்லாட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு. ரெண்டு குச்சியும் அந்த ஸ்லாட்ல மட்டும் தப்பு காட்டினா அப்பத்தான் போர்டு பேச்சு.

ஹார்ட் டிஸ்க்குக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க்ல கெட்ட எடங்களை எண்ணற 05, சி5, சி6 மூணும் சுழியமா இருக்கோணும். சி5 ஏறிட்டே போனா மொதல்ல பேக்கப். சி7 (டேட்டா கேபிள்ல போறப்ப வர்ற பிழை எண்ணிக்கை) மட்டும் ஏறினா பெரும்பாலும் சாட்டா கேபிள், டிஸ்க் இல்லை. கேபிள் மாத்தினாலும் பழைய எண் குறையாது, அதுக்கு மேல ஏறுதான்னுதான் பார்க்கோணும். அந்த எண்ணெல்லாம் பதினாறடிமானத்துல காட்டும், கடைசியில 10ன்னு இருந்தா 16ன்னு அர்த்தம்.

நூல்கண்டு:
பார்த்தாச்சுங்ணா. 41 மொத்தம் ஒம்பது, அதுல ஏழு 0, ரெண்டு 292. கூலர்ல பஞ்சு உள்ளங்கை அளவுக்கு வந்துது, எடுத்தும் ரீஸ்டார்ட் நிக்கலை. மஞ்சள் சும்மா இருக்கறப்ப 11.9, ப்ரைம் ஓட்டினா 11.2. மெம்டெஸ்ட் நாலு பாஸ் சுத்தம். சி7 மட்டும் 2ஏ.

மீட்டர்க்காரர்:
11.2 எல்லைக்குக் கீழ. 292ம் அந்த இறக்கத்துலயே வரலாம். போர்டைத் தொடாதீங்க, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாத்துங்க. ஆக்டிவ் பிஎஃப்சி (மெயின் கரண்ட்டைச் சீரா இழுக்கற சர்க்யூட்) இருக்கற எஸ்எம்பிஎஸ் எடுத்தா யுபிஎஸ்ஸையும் பாருங்க. சில மலிவு யுபிஎஸ் பேட்டரியில ஓடறப்ப தர்ற படிக்கட்டு அலையை அது ஏத்துக்காது, கரண்ட் போன நொடியே ஆஃப் ஆகும். மாத்தினதும் அதே 4 பின்ல திரும்ப அளந்து இங்க போடுங்க. சாட்டா கேபிளும் புதுசு ஒண்ணு. சி7ல 2ஏன்னா 42, அதைக் குறிச்சு வெச்சுட்டு ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க.