பூங்காவில் நடந்துகொண்டே பார்க்கும் நாடகம்: முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

தக்கலை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நாகர்கோவிலில் உள்ள ஒரு பூங்காவில் வெளியூர் நாடகக் குழு ஒன்று நாடகம் நடத்தவிருக்கிறது. மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஐந்தேகால் மணிக்கு வாசலில் கூட வேண்டும், பார்வையாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து வெவ்வேறு வழியில் அழைத்துச் செல்வார்கள், மரத்தடியிலும் குளத்தங்கரையிலும் காட்சிகள் நடக்கும், மொத்தம் ஒன்றரை மணி நேரம் என்று அறிவிப்பில் இருக்கிறது. கடைசி வரியில் "பார்வையாளர்களும் இந்த நாடகத்தின் ஒரு பகுதியே" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிதான் என்னைக் கொஞ்சம் கலங்க வைக்கிறது.

நான் அறிந்த நாடகம் எல்லாம், சிறுவயதில் கோயில் திருவிழாவில் பாய் விரித்து, பாதித் தூக்கத்தில் பார்த்தவைதான். என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் தேய்மானத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் அவர்களால் நிற்க முடியாது. ஆனால் நாடகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் புடவையை எடுத்து வைத்துவிட்டார்கள். ஒன்பது வயது மகனும் வருகிறான். அம்மாவை அழைத்துச் செல்வது சரியா? "பகுதி" என்றால் எங்களைப் பேசவோ நடிக்கவோ சொல்வார்களா? விருப்பம் இல்லாவிட்டால் மறுக்கலாமா? கதையை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டுமா? பூங்காவில் நடப்பதற்கு எதற்குக் காசு, காலையில் போனால் இலவசமாக நடக்கலாமே என்கிறார் என் கணவர். அவருக்கு ஒரு பதில் கிடைத்தாலும் நன்று.

பறக்கைக்காரன்

கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அறிவிப்பில் உள்ள எண்ணில் முன்கூட்டியே பேசி, அம்மாவின் நிலையைச் சொல்லிவிடுங்கள். எந்தக் காட்சி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நடக்கும் என்பது குழுவினருக்கு அத்துப்படி. அதிகம் நடக்க வேண்டாத அணியில் அம்மாவைச் சேர்ப்பதோ, காட்சி தொடங்குவதற்கு முன்பே அவர்களை ஒரு திண்டில் உட்கார வைப்பதோ அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. நீங்களும் எடை குறைந்த ஒரு மடக்கு நாற்காலியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு நாடகத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். பழக்கதோஷத்தால், யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று கூட்டத்தின் கடைசியில் போய் நின்றேன். நடிகர்களோ பின்னாலிருந்து வந்தார்கள். கூட்டம் முழுவதும் திரும்பியதில் நான்தான் முதல் வரிசை! ஒரு பெண் மாமரத்து வேரில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினார். எனக்கும் அவருக்கும் இடையே மூன்றடி இருந்தால் அதிகம். பொறுக்கிய கல்லை அவர் எறியவில்லை. ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. உமித்தூசி அவர் மணிக்கட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. மேடையில் இருபதாவது வரிசையிலிருந்து பார்த்திருந்தால் அரிசி புடைக்கும் ஒரு பெண் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அந்த மரத்தடியில் நின்றபோது சுவருக்கு அப்பால் மற்ற அணி விழுந்து விழுந்து சிரித்தது. என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த வகை நாடகத்தில் எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துவிட முடியாது. அதைப் பார்க்கிறேன் இதைப் பார்க்கிறேன் என்று ஓடியவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஓரிடத்தில் நின்று நன்றாகப் பாருங்கள்.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஐப்பசியில் பிற்பகலுக்கு மேல்தான் பெரும்பாலும் இடியோடு வந்து இறங்கும். மழை வந்தால் வேறு நாளா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு நாடகமே இல்லை. நனைந்த புல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும். கொசுவுக்குக் களிம்பு தடவாமல் போகாதீர்கள்.

குளச்சல் கரையோரம்

எதிர்மறையாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். "பார்வையாளரும் பகுதியே" என்று இவர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப்போல் எழுதுவதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. பெரிய வெள்ளியன்று எங்கள் கடற்கரை ஊர்களில், இயேசு சிலுவை சுமந்து போனதை நடித்துக் காட்டும் சிலுவைப்பாதை நடக்கும்போது 14 நிலைகளிலும் ஊரே கூட நடக்கிறது. எங்கள் தெருப் பையன்தான் போர்வீரன் வேடத்தில் சாட்டையை ஓங்குவான். அவனை நேற்று ஏலக்கூடத்தில் மீன் கூடையோடு பார்த்த கிழவியே அவனைத் திட்டிக்கொண்டு அழுவாள். மாடன் கோயில் கொடை விழாவில், வில்லுப்பாட்டில் கதை உச்சத்துக்கு ஏற ஏற உடுக்கையும் குடமும் வேகம் பிடித்து, கேட்டுக்கொண்டிருந்த சாமியாடிக்கு அருள் வந்து, நள்ளிரவில் அவர் வேட்டைக்குக் கிளம்பும்போது ஊர் விளக்கை அணைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறதே, அங்கே பார்வையாளர் யார், பங்கேற்பவர் யார்? காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் ஒரு மாதம் நடக்கும் ராம்லீலாவில் ஊரின் ஓர் இடம் அயோத்தி, இன்னோர் இடம் இலங்கை. கூட்டம் இராமனின் பின்னாலேயே நடக்கிறது. ஒலிபெருக்கிகூடக் கிடையாது.

ஆகவே தக்கலை அக்கா, உங்கள் அம்மாவுக்கு இந்த வித்தை எல்லாம் முன்பே தெரியும். நீங்கள்தான் பயப்படுகிறீர்கள்.

மேடையில்லா நடிகன்

குளச்சல் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரியானது. அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர் பார்வையாளரையும் நடிகரையும் ஒரே வெளிக்குள் வைக்கும் நாடகம் பற்றி 1973இல் ஒரு நூலே எழுதினார். பின்னர் ராம்நகருக்கு வந்து ராம்லீலாவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவரும் அவர்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை அண்ணன் விட்டுவிட்டார். சிலுவைப்பாதையில் பன்னிரண்டாம் நிலையில் இயேசு உயிர்விடுவார் என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் கூட்டத்தில் பின்தங்கி இரண்டு நிலைகளைப் பார்க்காமல் போனாலும் நமக்கு ஒன்றும் குறைவதில்லை. தெரியாத கதையோடு நடக்கும்போது, அடுத்த திருப்பத்தில் என்ன காத்திருக்கிறது, என்னை என்ன செய்யச் சொல்வார்கள் என்ற பதற்றம் கூடவே வரும். அக்கா கேட்டது அதைத்தான், அது நியாயமான கேள்வி.

நான் இத்தகைய நாடகங்களில் நடிப்பவன், ஆகவே உள்ளிருந்து சொல்கிறேன். "பகுதி" என்ற சொல்லுக்குக் குழுவுக்குக் குழு பொருள் மாறும். சிலருக்கு அது கூடவே நடந்து பார்ப்பது மட்டும்தான். லண்டனின் பஞ்ச்டிரங்க் குழு 2011இல் நியூயார்க்கில் தொடங்கிய நாடகத்தில் பார்வையாளர்கள் வெள்ளை முகமூடி அணிந்து, வாய் திறக்காமல், பல மாடிக் கட்டடம் ஒன்றில் விருப்பம்போல் அலைந்தார்கள். பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் வகுத்த முறையோ இதற்கு நேர் எதிரானது: காட்சியை நிறுத்தி, நடிகரை விலக்கிவிட்டு, பார்வையாளரே அந்த இடத்தில் நின்று வேறு முடிவைச் செய்து காட்டலாம். நம் நாட்டில் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் மேடையையும் விளக்கையும் கைவிட்டு, கொல்கத்தாவின் கர்சன் பூங்காவில் மக்கள் சுற்றி உட்கார்ந்திருக்க நாடகம் போட்டார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறைக்குப் பிறகு தமிழிலும் அந்தப் பாணியில் பலர் இறங்கினார்கள். அங்கே பார்வையாளர் நடிக்க வேண்டியதில்லை, நடிகரின் கண் அவர் கண்ணைச் சந்திக்கும், அவ்வளவுதான். ஆகவே தொலைபேசியில் அழைக்கும்போது, "எங்களைத் தொடுவீர்களா, பேச வைப்பீர்களா, தனியாக எங்கும் அழைத்துப்போவீர்களா" என்று இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். நல்ல குழு தயங்காமல் பதில் சொல்லும். மழுப்பினால் யோசியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையாளனாகப் போன ஒரு நாடகத்தில், கேட்காமலேயே ஒரு பெண்ணின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டார்கள். அவர் நடுங்கிக்கொண்டு அழுதார், கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இப்போது எங்கள் குழுவில் யாரையேனும் அழைக்க வேண்டுமென்றால், உள்ளங்கையை மேலே காட்டிக் கையை நீட்டி, மனத்துக்குள் மூன்று எண்ணுவோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாலோ தலையை அசைத்தாலோ அடுத்தவரிடம் போய்விடுவோம். மறுத்தவர் வெட்கப்படும்படி எதுவும் செய்யக் கூடாது என்பது விதி. உங்கள் மகனிடமும் இதைச் சொல்லி வையுங்கள், பிடிக்காவிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் போதும்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். திறந்தவெளியில் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது, நடிகர் முகம் திரும்பிய பக்கம்தான் வசனம் போகும். சாலையின் ஹாரன் சத்தம் வேறு இருக்கும். அதனால் வழிகாட்டி உங்களைப் பிறை வடிவத்தில் நிற்கச் சொன்னால், அது அழகுக்காக அல்ல, காது கேட்பதற்காக. அம்மாவுக்குப் பிறையின் நடுவில் இடம் கேளுங்கள். ஐப்பசியில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், பிற்பாதி விளக்கொளியில்தான் நடக்கும். புல்தரையின் விளிம்பில் கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதையை முன்பே தெரிந்துகொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

வடசேரி வாசி

ஒரே ஒரு விஷயம். கழிப்பறை எங்கே இருக்கிறது, அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்றரை மணி நேரம் என்பது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நீளமானது. இதை எந்த அறிவிப்பிலும் போட மாட்டார்கள்.

தக்கலை வாசகி (போய்வந்த பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. முன்பே அழைத்துப் பேசினேன். தொட மாட்டோம், கேள்வி கேட்போம், பதில் சொல்வது உங்கள் விருப்பம் என்றார்கள். அம்மாவைக் குறைவாக நடக்கும் அணியில் சேர்த்தார்கள். நானும் அவர்களோடு இருந்தேன். மகன் பிடிவாதம் பிடித்ததால், பேச்சை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்துவிட்ட அவன் அப்பாவுடன் மற்ற அணிக்குப் போனான்.

மூன்றாவது காட்சி ஒரு வேப்பமரத்தடியில். காணாமல்போன மகனைத் தேடும் தந்தையாக நடித்தவர், கையில் அரிக்கன் விளக்கோடு கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இந்த வழியாக ஒரு பிள்ளை போனானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் தரையைத்தான் பார்த்தேன். மரத்தைச் சுற்றிக் கட்டிய திண்டில் உட்கார்ந்திருந்த அம்மா, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதைப்போல, "கிழக்க போனான் மக்களே" என்றார்கள். அவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, உண்மையாகவே கிழக்கே நடந்தார். விளக்கு தூரத்துப் புதர் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் ஆடி, திரும்பி வந்தது. "அங்கே இல்லையே அம்மா" என்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தக் காட்சி மேற்கே போக வேண்டியது என்றும், அங்கே காத்திருந்த மற்ற அணி நான்கு நிமிடம் சும்மா நின்றது என்றும் வழிகாட்டி பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நான்கு நிமிடத்தில் என்ன நடக்கப்போகிறதோ என்று பயந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டதாக மகன் சொன்னான், அப்பா இல்லை என்கிறார்.

குறைகளும் இருந்தன. சாலைப் பக்கம் நடந்த காட்சியில் பேருந்து ஹாரனுக்கு நடுவே பாதி வசனம் கேட்கவில்லை. ஆறரைக்குத் தூறல் விழுந்தது, நிறுத்தாமல் நடித்தார்கள். கழிப்பறை பூட்டியிருந்தது, வடசேரி வாசி வாழ்க.

பேருந்தில் வரும்போது மகன், "பாட்டி, நீ பார்க்கவே இல்லையே, ஏன் கிழக்கே என்று சொன்னாய்?" என்று கேட்டான். அம்மா சொன்ன பதில்: "மேக்க ரோடு கெடக்குல்லா மக்கா, பஸ்ஸு வருது. புள்ளய அங்க போக விட முடியுமா?"

மடக்கு நாற்காலியை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. கொசுக் களிம்பு போதவில்லை.