‘கார்’ என்றால் தவறாம், ‘கா’ தான் சரியாம்!

உப்புவெளியான்: எங்கள் திருகோணமலை ஊர்க் குழுவில் ஒரு ரியூசன் மாஸ்டர் நேற்றுப் போட்டதைப் பார்த்தீர்களா? ‘கார்’ என்று ர் சத்தம் வரச் சொல்கிறவனுக்கு இங்கிலீஸ் தெரியாதாம், ‘கா’ என்பதுதான் சுத்தமாம். ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, கனடா, அமெரிக்காவில் பெரும்பகுதி, எல்லோருமே ர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாதோ? விடுதி நடத்துகிறேன், தினமும் காதால் கேட்கிறேன்.

ஓர்ஸ்ஹில் பெடியன்: அண்ணா, 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர் இது. எங்களுக்கு வந்தது இங்கிலாந்து இங்கிலீஸ். அமெரிக்காக்காரன் கெடுத்ததை நாங்கள் ஏன் பழக வேண்டும்?

உப்புவெளியான்: கெடுத்ததா? தம்பி, கதையைத் தலைகீழாகச் சொல்கிறீர். ர் சொல்வதுதான் பழைய வழக்கம், தேய்ந்தது லண்டன் பக்கம். அங்கே ர் மெலிந்துபோனதை ஜோன் வோக்கர் 1791இலேயே தன் உச்சரிப்பு அகராதியில் எழுதிவிட்டார். பிரிஸ்டல் பக்கம் வயதானவர்களிடம் இன்றும் ர் கேட்கும். அவர்களும் இங்கிலாந்துதான்.

நிலாவெளி டீச்சர்: ர் சத்தத்தை விட்டு இலக்கணத்துக்கு வாருங்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதை ‘ஐ ஜஸ்ட் எயிட்’ என்று அமெரிக்கர் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், இங்கிலாந்தில் ‘ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பதுதான் வழக்கம். ‘த டீம் ஆர்’ இங்கிலாந்தில் சரி, அமெரிக்காவில் ‘இஸ்’. என் மகன் ‘டீம் ஆர்’ என்று எழுதியதற்கு இதே மாஸ்டர்தான் சிவப்புப் பேனையால் கோடு போட்டார். இங்கிலாந்து இங்கிலீஸ் படிப்பிக்கிற லட்சணம்!

ஓர்ஸ்ஹில் பெடியன்: டீச்சர், மகனுக்குப் புள்ளி குறைந்த கோபத்தை இங்கே கொட்டாதீர்கள். மாஸ்டரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் தெரியுமா?

உப்புவெளியான்: எங்கேயும் இருக்கட்டும், ர் சத்தத்துக்குப் பதில் சொல்லும். ‘கா’ என்கிற அதே லண்டன்காரர் ‘கார் இஸ்’ என்று சேர்த்துச் சொல்லும்போது ர் தானாக வரும். அதைவிட, ‘ஐடியா ஒவ்’ என்பதை ‘ஐடியார் ஒவ்’ என்பவர்களும் அங்கே நிறையப் பேர். எழுத்தில் இல்லாத ர்! இதையும் மாஸ்டர் சுத்தம் என்பாரா?

மட்டுநகர் வாசன்: திருமலைக்காரர் லண்டன் உச்சரிப்புக்குச் சண்டை பிடிக்கிறீர்கள், நல்ல காலம்தான்.

உப்புவெளியான்: மட்டக்களப்பார் கொஞ்சம் பொறுங்கள். மண்டபம் என்று பொருள்படும் ‘ஹோல்’ என்ற சொல்லில் ஓசை கொஞ்சம் பிசகியதற்குக் கொழும்பில் ஒரு நேர்முகத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘நொட் பொட்’ என்று, இங்கிலீஸ் ஓசை பிசகுகிறவர்களைக் கேலி செய்கிற பட்டம் வேறு. அந்தச் சிரிப்பைத்தான் இந்த மாஸ்டர் எங்கள் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு படிப்பிக்கிறார். வாய் திறக்கவே பயப்படுகிற பிள்ளை எப்படிக் கதைக்கும்?

ஓர்ஸ்ஹில் பெடியன்: முதலில் உங்கள் விடுதிப் பலகையில் இருக்கிற எழுத்துப்பிழையைத் திருத்துங்கள் அண்ணா. அப்புறம் வோக்கரைப் பற்றிக் கதைக்கலாம்.

உப்புவெளியான்: பலகை எழுதியது பெயின்டர். பிரிஸ்டல்காரருக்கு இங்கிலீஸ் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லும்.

நிலாவெளி டீச்சர்: என் மகனுக்குக் குறைத்த புள்ளியைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஓர்ஸ்ஹில் பெடியன்: ‘கா’ தான் சரி. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உப்புவெளியான்: கார். கார். கார்.