அம்மாவுக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி: போடலாமா?

யீஷூன்_தம்பி:
அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. ஒன்றரை வருடமாக இடுப்பு வலி. புளோக்கிலிருந்து காப்பிக்கடைக்குப் போவதற்குள் இரண்டு கால்களும் கனத்து மரத்துப்போய், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். எம்ஆர்ஐயில் தண்டுவடப் பாதை குறுகியிருப்பதாக வந்திருக்கிறது. எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி (தண்டுவட உறையைச் சுற்றியுள்ள இடத்தில் மருந்து செலுத்துவது) போட்டுப் பார்க்கலாம் என்கிறார் நிபுணர். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மாவுக்கு வேண்டுதல் வேறு. ஆனால் ஊசி என்றாலே பயம். "உன்னைப் பெத்தப்ப முதுகுல போட்ட ஊசிதான் இப்ப வலியா வந்திருக்கு" என்கிறார். என்ன செய்யலாம்?

கப்பல்பட்டறை_அண்ணன்:
தைரியமாகப் போடச் சொல்லுங்கள் தம்பி. எனக்கு டிஸ்க் பிதுங்கி, இடது கால் குதிகால் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. மூன்று வாரம் படுக்கை. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலாம் நாள் பேருந்து ஏறி வேலைக்குப் போனேன்.

சந்தேகப்பிராணி:
அண்ணே, உங்களுக்கு ஊசியில் குணமானது சரி. அது புதிதாக வந்த நரம்பு வலி. தம்பியின் அம்மாவுக்கு ஒன்றரை வருடக் குறுகல். இரண்டும் வேறு.

இதே குறுகல் உள்ள 400 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 2014இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டோடு மரப்பு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மரப்பு மருந்து. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு, கடுமையான புது சியாட்டிகாவுக்கு (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) இந்த ஊசியை யோசிக்கலாம் என்கிறது. குறுகலால் நடக்கும்போது வரும் கால் வலிக்கு வேண்டாம் என்கிறது. 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கறார்: புற்றுநோயோ மூட்டழற்சி நோயோ காரணமில்லாத, மூன்று மாதம் தாண்டிய முதுகெலும்பு வலிக்கு எபிடியூரல் ஊசியே வேண்டாமாம்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்வை போவது, பக்கவாதம், மரணம் வரை அபூர்வமாக நடக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது. 2012இல் அங்கே இந்த ஊசியால் பூஞ்சைத் தொற்று வந்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஓய்வுபெற்ற_தாதி:
கடைசி வரியைப் படித்தால் யாருமே பக்கத்தில் போக மாட்டார்கள். அது மருந்து கலந்த கூடத்தில் நடந்த அசுத்தம். ஊசி போடும் முறையின் குற்றமல்ல. எஃப்டிஏ சொன்ன அபாயம் உண்மைதான். நரம்பு வெளியேறும் துளை வழியாகப் போடும்போது ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், துகள் உள்ள ஸ்டீராய்டு அங்கே அடைத்துக்கொள்ளும். கழுத்தில் இன்னும் மோசம். அதனால்தான் முதலில் சாயம் செலுத்திப் பார்ப்பதும், துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன் போடுவதும்.

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், பிரசவத்தில் போட்ட மரப்பு ஊசிக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆராய்ந்து பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. (என் அக்காவும் முப்பது வருடமாக அதையேதான் சொல்கிறார்.)

கப்பல்பட்டறை_அண்ணன்:
சந்தேகப்பிராணி, அந்த 400 பேரில் இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்ததா இல்லையா? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2025 வழிகாட்டுதலையும் வலி நிபுணர்கள் பலர் எதிர்த்தார்களே. பலவித வலிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள் என்று.

சந்தேகப்பிராணி:
குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஸ்டீராய்டு எதற்கு அண்ணே, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு?

ஓய்வுபெற்ற_தாதி:
அது நியாயமான கேள்வி. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறத்தான் செய்யும், வீட்டில் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நிபுணரிடம் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

இன்னொன்று தம்பி. கடையில் டிராலி தள்ளும்போது அம்மாவுக்கு வலி எப்படி?

யீஷூன்_தம்பி:
அட, ஃபேர்பிரைஸில் ஒரு மணி நேரம் சுற்றுவார் அக்கா, ஒரு முனகல் கிடையாது! ஏன்?

ஓய்வுபெற்ற_தாதி:
முன்னால் குனிந்தால் அந்தப் பாதை கொஞ்சம் அகலும், நிமிர்ந்தால் நெருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். தலையில் குடம் வைத்து, முதுகை நிமிர்த்தி, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஊசி போட்டாலும் அந்த நடைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். குனிந்து செய்யும் பயிற்சிகளை பிசியோவிடம் கேளுங்கள். சைக்கிள் மிதிப்பதும் ஒத்துக்கொள்ளும்.

கப்பல்பட்டறை_அண்ணன்:
சரி, பிசியோ முதலில். ஆனால் கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.

யீஷூன்_தம்பி:
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பிரசவ ஊசி விஷயத்தை இன்னும் நம்பவில்லை. பிசியோவுக்குச் சம்மதம், ஊசியை மார்ச்சில் பார்க்கலாமாம். குடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்ப நீ எடு" என்றுவிட்டார். விரதம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.