தாங்ஜோங், யுதனே: ரெண்டும் ஒண்ணுதானா? பேர் எங்கேருந்து வந்தது?

சேலம் செல்வி:
வீட்ல பிரெட் சுட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. காலைல சுட்டது மறுநாள் மத்தியானம் வரட்டி மாதிரி ஆயிடும், வெட்டினா உதிரும். போன வாரம் தாங்ஜோங் பண்ணேன். 400 கிராம் மைதாவுல 20 கிராமைத் தனியா எடுத்து, 100 மில்லி தண்ணில கட்டி தட்டாம கரைச்சு, சின்னத் தீயில கூழாக் காய்ச்சி, ஆறவிட்டு மீதி மாவோட சேர்த்துப் பிசைஞ்சேன். மூணாம் நாளும் பஞ்சா இருந்துச்சு! என் மகளுக்கு ஓரத்தைக் கூட வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கல.

ஆனா ஒரு வீடியோல இது சீன முறைங்கறாங்க, இன்னொண்ணுல ஜப்பானோட யுதனேங்கறாங்க. 'தாங்'னா சூப்பாம். பிரெட்டுக்கும் சூப்புக்கும் என்ன சம்பந்தம்?

தைவான்வாசி:
செல்வி அக்கா, தைவான்ல ஆறு வருஷம் இருந்தேன், இந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ரெண்டு நாட்டுலயும் எழுதுறது அதே ரெண்டு எழுத்துதான். ஜப்பான்காரங்க 'யுதனே'னு படிப்பாங்க, சீன மொழியில 'தாங்ஜோங்'. 'யு'ன்னா வெந்நீர், 'தனே'ன்னா விதை. நாம உறை மோர் விடுற மாதிரி, மாவுக்கு முன்கூட்டித் தயார் பண்ற 'விதை' அது.

குழப்பம் எங்கன்னா, அந்த முதல் எழுத்துக்குப் பழைய சீனத்துல வெந்நீர்னுதான் பொருள். இன்னைக்குப் பேச்சுல சூப்னு ஆயிடுச்சு. ஜப்பான்ல பழைய பொருள் அப்படியே இருக்கு. குளியல் கூடத்து வாசல் திரையில அதே எழுத்தைப் பார்க்கலாம். சீனத்துலயும் ஒரு பழமொழில தப்பிப் பிழைச்சிருக்கு: 'கொதிநீர்ல இறங்கவும் நெருப்பை மிதிக்கவும் தயார்'னு உயிரைக் கொடுக்கிறவங்களைச் சொல்வாங்க. அதுல வர்ற கொதிநீர் இந்தத் 'தாங்'தான். அதனால சூப் விதைன்னு மொழிபெயர்க்கிறது தப்பு, வெந்நீர் விதைன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. அந்த எழுத்தோட இடப்பக்கம் மூணு நீர்த்துளி இருக்கும். அதே எழுத்துக்குக் கீழே நெருப்பு எழுத்தைச் சேர்த்தா 'சுடுநீர் ஊத்தி வேகவைக்கிறது'ன்னு அர்த்தம். கொதிநீர் ஊத்திப் பிசையற முறையை அங்க சில பேர் அப்படித்தான் எழுதுவாங்க.

முறை ஜப்பான்லேருந்துதான் வந்துச்சு. 1998ல ஜப்பானோட பாஸ்கோங்கற ரொட்டி கம்பெனி வெந்நீர் விதைல செஞ்ச 'சோஜுகு' ரொட்டியை விற்கத் தொடங்குச்சு. 2007ல தைவான்ல இவோன் சென் எழுதின '65 டிகிரி' ரொட்டிப் புத்தகம்தான் தாங்ஜோங்கை வீட்டு அடுப்புக்குக் கொண்டு வந்தது. நீங்க பார்த்த ரெண்டு வீடியோவும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கு.

அடுமனை மாரி:
செய்முறை வித்தியாசத்தையும் சொல்லிடறேன். யுதனேல மாவும் கொதிநீரும் சம எடை, 80 கிராமுக்கு 80 கிராம்னு வைங்க. கலக்கி உருட்டி ராத்திரி முழுக்க பிரிட்ஜ்ல வைக்கணும். தாங்ஜோங்ல ஒரு பங்கு மாவுக்கு அஞ்சு பங்கு தண்ணி, அடுப்புல காய்ச்சணும். கோதுமை மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேல தண்ணிய உறிஞ்சி வீங்கும். அந்தத் தண்ணி சுட்ட பிறகும் உள்ளேயே நிக்குது, அதான் சீக்கிரம் காயாது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவுல கொதிநீர் ஊத்தறோமே, அதே சங்கதிதான். பச்சைத் தண்ணில பிசைஞ்சா ஓரம் வெடிக்குமே!

சேலம் செல்வி:
கொழுக்கட்டைன்னதும் மண்டைல ஏறிடுச்சு. எங்க அம்மா கொதிநீர் ஊத்தி மரக்கரண்டியால கிளறுவாங்க. வெந்நீர் விதைன்னே எழுதி வச்சுக்கறேன். என்கிட்ட தெர்மாமீட்டர் இல்லையே, கூழ் 65 டிகிரிக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அடுமனை மாரி:
வேணாம்மா. கரண்டிய இழுத்தா பாத்திரத்தோட அடி தெரிஞ்சு, தடம் உடனே மூடாம நிக்கணும். அப்பவே இறக்கிடுங்க. ஏடு படியாம இருக்க, மேல ஒட்டற மாதிரி பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஆறவிடுங்க. ஏடு படிஞ்சா பிரெட்டுக்குள்ள கட்டியா மாட்டும்.