எபிரெய அகராதி ஆப்பைப் பார்த்துக் குழம்பின அனுபவம் இருக்கா?

ஒலிவக்கிளை:
வேதபாட வகுப்பு, ஆதியாகமம் 1:1. ஒருத்தர் போன்ல ஸ்ட்ராங் எண் (பைபிளோட ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஸ்ட்ராங்னு ஒருத்தர் கொடுத்த எண்) 1254-ஐ, அதாவது 'சிருஷ்டித்தார்'னு அங்க வர்ற 'பாரா'ங்கிற எபிரெயச் சொல்லைத் தட்டி, "பாரான்னா சிருஷ்டிக்கிறது மட்டுமில்ல; வெட்டுறது, கொழுக்க வைக்கிறதுன்னும் போட்டிருக்கு. தேவன் பூமியை வெட்டிச் செதுக்கிக் கொழுக்க வெச்சார்"னு ஆரம்பிச்சுட்டார். நாலஞ்சு பேர் நோட்டுல எழுதுறாங்க! ஆப்ல 'வெட்டு'க்கு மேல அடைப்புக்குறியில 'பியேல்', 'கொழு'வுக்கு மேல 'ஹிஃபில்'னு இருக்கு. இதெல்லாம் எபிரெய வினைச்சொல்லோட வெவ்வேறு வடிவங்கள்; வடிவம் மாறினா பொருளும் மாறும். முதல்ல இருக்கிற 'கால்' வடிவம்தான் இந்த வசனத்துல. (நம்ம கால் இல்லைங்க.) வெட்டுறது யோசுவா 17ல காட்டைத் திருத்துற இடம். கொழுக்கிறது ஆசாரியன் ஏலி வீட்டார் காணிக்கையைத் தின்னு கொழுத்த விவகாரம், 1 சாமுவேல் 2:29.

மதுரைக்காரி:
எங்க பெரியப்பா குடும்ப குரூப்ல போட்டது இதைவிட மோசம். ஸ்ட்ராங் எண் 1288, 'பாரக்', ஆசீர்வதின்னு அர்த்தம். கடைசியில 'சபி'ன்னு ஒரு சொல் ஒட்டியிருக்கு. உடனே "ஆசீர்வாதத்துக்குள்ளேயே சாபம் ஒளிஞ்சிருக்கு"ன்னு எட்டு நிமிஷ ஆடியோ. யோபு 2:9 மாதிரி இடங்கள்ல தேவனைத் தூஷிக்கிறதை வாயால சொல்லக் கூசி 'ஆசீர்வதி'ன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். விளக்கைக் குளிர வைன்னு சொல்றோமே, அந்த மங்கல வழக்குதான். பெரியப்பாகிட்ட யார் சொல்றது?

பழைய புத்தகக்கடை:
ஒலிவக்கிளை, அந்த மனுஷனை மட்டும் குறை சொல்றது நியாயமில்லை. ஆப்ல இருக்கிறது எலும்புக்கூடு. பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் மூணு பேரும் 1906ல முடிச்ச பெரிய எபிரெய அகராதியில ஒவ்வொரு பொருளுக்கும் வசனம் கொடுத்திருக்கு. 'கொழு'வுக்குத் தனித் தலைப்பே உண்டு. வசனத்தை உருவிட்டு ஒண்ணாக் கோத்தா சாதாரண ஆள் என்ன பண்ணுவார்? நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல வினையா பெயரான்னு பாருங்க. அப்புறம் வசனத்துல எந்த வடிவம்னு பாருங்க, அந்தப் பிரிவை மட்டும் படிங்க. ஸ்ட்ராங்கோட சொந்தக் குறிப்புல முக்காற்புள்ளியும் கோடும் வந்தா, அதுக்குப் பின்னாடி வர்றது அர்த்தம் இல்ல. கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய ஆங்கில பைபிள்ல அந்தச் சொல்லை எப்படியெல்லாம் மொழிபெயர்த்தாங்கன்ற பட்டியல். 1890ல அவர் போட்டது அந்தப் பைபிளுக்கான சொல்லடைவுதானே, அதாவது எந்தச் சொல் எந்த வசனத்துல வருதுன்ற பட்டியல். அப்புறம் பெருக்கல் குறி, கூட்டல் குறி...

ஒலிவக்கிளை:
ஐயா, நான் வழி கேட்கலை. அந்த நோட்டுல எழுதினவங்க இந்த ஞாயிறு சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்கிறாங்க, அதான் என் கவலை.

மதுரைக்காரி:
பெருக்கல் குறிக்கு என்ன அர்த்தம்? அதைச் சொல்லிட்டுப் போங்க.