புதைபடிவ ஓக்: ஒற்றை இலையை வைத்துச் சிற்றினம் சொல்லலாமா?

கல்லிலை:
சொல்லலாம். விளிம்பை மட்டும் பார்ப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். நடுநரம்பிலிருந்து கிளைக்கும் இரண்டாம் நிலை நரம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நேரே விளிம்பின் பல்லுக்குள் நுழைகிறதா, விளிம்புக்கு முன்பே வளைந்து அடுத்த நரம்போடு கண்ணி போடுகிறதா? மடலின் (விளிம்பில் பிளவுகளுக்கு இடையே நீண்டிருக்கும் பகுதி) நுனியில் அது முள்மயிராக நீண்டால் சிவப்பு ஓக். இன்றைய ஐரோப்பிய ஓக்குகளையே எடுங்கள். குவெர்கஸ் (ஓக் பேரினம்) ரோபரின் காம்பு 7 மி.மீ.யைத் தாண்டுவது அரிது. மடல் இடுக்கை நோக்கி ஓடும் இடைநரம்புகள் தெளிவாக இருக்கும். குவெர்கஸ் பெட்ரேயாவில் காம்பு 1 செ.மீ.க்கு மேல், இடைநரம்பு குறைவு. இவ்வளவும் இலையிலேயே இருக்கிறது.

நுனிமுள்:
அந்த உதாரணம் உங்களுக்கே எதிரி. ஒரு மரத்தில் பல இலைகளை அளந்து, பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ரோபரும் பெட்ரேயாவும் பிரியும். இரண்டும் தாராளமாகக் கலக்கும் என்பதால் இடைப்பட்ட இலைகளுக்கும் பஞ்சமில்லை. புதைபடிவத்திலோ காம்பு பெரும்பாலும் ஒடிந்தே கிடைக்கும்.

முள்மயிரும் சிவப்பு ஓக்கின் தனிச்சொத்து அல்ல. ஓக் பேரினத்துக்குள் சிவப்பு ஓக்கிலிருந்து வேறான செர்ரிஸ் பிரிவைச் சேர்ந்த குவெர்கஸ் அகுடிசிமாவின் ஒவ்வொரு பல்லிலும் அது உண்டு. அந்த இலையைச் செஸ்ட்நட் இலையிலிருந்து பிரிப்பதே பெரும்பாடு. போதாக்குறைக்கு ஒரே மரத்தில் உச்சிக்கிளை வெயிலிலை சிறுத்து, தடித்து, ஆழமாகப் பிளந்திருக்கும். உள்கிளை நிழலிலை அகன்று, பிளவு குறைந்திருக்கும். இரண்டும் தனித்தனியாகக் கல்லில் கிடைத்தால் இரண்டு பெயர் வைத்துவிடுவீர்கள்!

கல்லிலை:
முள்மயிர் இல்லை என்று எழுதுமுன் கல்லைச் சரியாகப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. விளக்கைக் கல்லின் பரப்பிலிருந்து 10–20 பாகை சாய்வில் வைத்து, கல்லை ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். ஒரு திசை ஒளிக்கு இணையாக ஓடும் நரம்புகள் மறைந்துவிடும். நுனி மண்ணுக்குள் புதைந்திருந்தால் நுண்நோக்கிக்கு அடியில் ஊசியால் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மண்ணைத் தட்டி எடுக்கலாம். இலையின் மீது சுரண்டினால் மூன்றாம் நிலை நரம்பு போய்விடும். நரம்பைத் தெளிவாக்கக் களிக்கல்லை நனைக்கவே கூடாது, பொரிந்து உதிரும். பிளந்த கல்லின் இரு பாதிகளையும் பாருங்கள். ஒன்றில் இல்லாத நுனி மற்றதில் ஒட்டியிருக்கும்.

மெழுகுப்படலம்:
இருவரும் உருவத்தோடு நின்றுவிட்டீர்கள். கரியான இலைப்படலம் மிஞ்சியிருந்தால் கியூட்டிக்கிளை (இலையின் மெழுகுத் தோல்) எடுங்கள். ஒட்டிய சிலிக்கேட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைக்கும் (புகைபோக்கிக் கூண்டுக்குள், பிளாஸ்டிக் கிண்ணத்தில், கண்ணாடியையும் அது தின்னும்). பிறகு ஷூல்ட்ஸே கரைசல் (நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும்), நீரில் கழுவல், நீர்த்த அம்மோனியா. கரைசலில் கூடுதல் நேரம் கிடந்தால் படலமே கரைந்துபோகும். அருகிலேயே நின்று நிறம் வெளிறும்போது எடுக்க வேண்டும். அடிப்பக்கத்து மயிரடிகள் விளிம்பைவிட நம்பகமானவை. வெறும் அச்சாகப் பதிந்த இலைக்கு மட்டும் இது உதவாது.

நுனிமுள்:
கிடைப்பதில் பெரும்பகுதி வெறும் அச்சுத்தானே! உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ட்ரையோஃபில்லம் போதும். ஓக் குடும்பத்து முன்னோடி என்று பல காலம் பேசப்பட்ட இலைப்பேரினம் அது. 1988இல் நரம்பமைப்பை நுணுகிப் பார்த்தபோது வால்நட் குடும்பத்துக்குப் போனது. குடும்பமே மாறுகிறது, நீங்கள் சிற்றினம் பேசுகிறீர்கள்.

கல்லிலை:
அதைத் திருத்தியதும் நரம்புதானே? புதைபடிவச் சிற்றினம் என்பது ஓர் உருவத்துக்கு இட்ட பெயர். இனக்கலப்பு எல்லையை அதில் யாரும் தேடவில்லை. ஒரே அடுக்கில் 30 இலை சேருங்கள். நீள-அகல விகிதம், இரண்டாம் நிலை நரம்பு எண்ணிக்கை, அவை நடுநரம்போடு சேரும் கோணம், மடல் ஆழம் எல்லாவற்றையும் வரைபடத்தில் இடுங்கள். புள்ளிகள் தொடர்ச்சியாக இருந்தால் ஒரு பெயர், நடுவில் வெற்றிடம் இருந்தால் இரண்டு.

நுனிமுள்:
30 இலை என்றதுமே தலைப்பில் இருக்கும் ‘ஒற்றை இலை’ போய்விட்டது. வெற்றிடம் நரம்பு முடியும் விதத்திலோ பல்லின் அமைப்பிலோ வந்தால் ஏற்கிறேன். மடல் ஆழத்தில் மட்டும் வந்தால் ஏற்க மாட்டேன். அது உச்சிக்கிளைக்கும் உள்கிளைக்கும் உள்ள வித்தியாசமாகவே இருக்கலாம். அந்தக் கல்லுக்குப் பிரிவின் பெயரோடு நிறுத்துங்கள்.