புதுப்பிப்பு: தொட்டியை விட்டு ஓடிய மண்புழுக்கள், காரணம் பச்சைச் சாணம்

மாடியில் வைத்த உரத்தொட்டியிலிருந்து மண்புழுக்கள் ராத்திரியில் சுவரேறி ஓடுகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஈரம் அதிகம் என்றார்கள் பலர். காய்ந்த தென்னை நார்க்கழிவு சேர்த்தும் ஓட்டம் நிற்கவில்லை. "சாணத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. விட்டேன், வெந்நீர் மாதிரி சூடு! பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டியது என் தப்பு. அதை அள்ளிவிட்டு, பால்காரரிடம் 20 நாள் பழைய சாணம் வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றுகூட வெளியே வரவில்லை.

எதிர்பாராதது எறும்பு. தொட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதும் அடங்கியது. அப்புறம், உள்ளே தக்காளி நாற்றும் தானாக முளைத்திருக்கிறது.